வகுக்கும் எண் குறைந்தால் திறன் கூடிவிடுமா?

விஓ2 மேக்ஸ் என்ற எண் இப்போது கைக்கடிகாரத்திலேயே வருகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு, நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உங்கள் உடம்பால் பயன்படுத்த முடியும் என்பதன் உச்சம். அந்த 'ஒரு கிலோவுக்கு' மேல்தான் எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு கண்.

1920களின் தொடக்கம், மான்செஸ்டர். உடலியங்கியல் பேராசிரியர் ஏ.வி. ஹில், வெளிவிடும் மூச்சைப் பிடித்து வைக்கும் டக்ளஸ் பையை முதுகில் கட்டிக்கொண்டு புல்தரையில் சுற்றிச்சுற்றி ஓடினார். சோதனை எலி அவரேதான். வேகம் கூடக்கூட ஆக்சிஜனும் கூடுகிறது. ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டருக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. அவர் எடை 73 கிலோ. வகுத்தால் 55 பக்கம் வரும். ஓடுகிறவர் தன் எடையைத்தானே சுமக்கிறார், அதனால் அங்கே இந்த வகுத்தல் நியாயம்தான்.

1966-க்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு எடை ஏறுவதில்லை என்பதைப் பார்த்து, சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து கேஸ்ட்ரிக் பைபாஸைத் தொடங்கினார். வெற்றிக்கு அளவுகோல் எடை இயந்திரம்தான். ரொம்ப காலம் அப்படியே ஓடியது.

2006-ல் மிச்சிகனிலிருந்து மெக்கல்லோ குழுவின் ஆய்வு வந்தது. எடைக்குறைப்பு அறுவைக்கு வந்த 109 பேர், சராசரி பிஎம்ஐ 48.7. கத்தி வைக்கும் முன்பே மூச்சுத்திறனை அளந்தார்கள். 15.8-க்குக் கீழே இருந்த 37 பேரில் 6 பேருக்குப் பெரிய சிக்கல்கள். மற்ற 72 பேரில் 2 பேருக்குத்தான். மொத்தமே 8 பேர், ஆகவே கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது என்பது உறைத்தது.

சிக்கல் அறுவைக்குப் பின்தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 150 கிலோ உள்ளவர், 2.4 லிட்டர்: எண் 16. ஒரு வருடம் கழித்து 100 கிலோ, 2.2 லிட்டர்: எண் 22. அறிக்கையில் 37 சதவீத முன்னேற்றம்! லிட்டரோ இறங்கியிருக்கிறது. இது நானே போட்ட கணக்கு; ஆனால் பல ஆய்வுகளில் கிடைத்த படமும் இதுதான். கொழுப்போடு தசையும் கரைவதால், லிட்டர் அப்படியே நிற்கிறது அல்லது கொஞ்சம் குறைகிறது. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இந்த வியாதி தெரியும், டாஷ்போர்டில் விகிதம் பச்சையாக ஒளிரும், உள்ளே சர்வர் அதேதான்.

அதற்காக 22 பொய் என்று சொல்லமாட்டேன். மாடி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது நிஜமாகவே குறையும், சுமை 50 கிலோ இறங்கிவிட்டதே. ஆனால் இதயமும் தசையும் வலுவாகிவிட்டன என்று நம்பி அவர் நடைப்பயிற்சியையும் எடை தூக்குவதையும் விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். அறுவைக்குப் பிறகு முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சுத்திறன் கூடியிருக்கிறது.

சோதனை இயந்திரம் முதலில் அளப்பது லிட்டரைத்தான். கிலோவால் வகுப்பது அதற்கப்புறம். உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சோதனை செய்துகொண்டால், லிட்டர் எவ்வளவு என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.