இரு தேர்தல்களுக்கு நடுவே: திருப்பதியும் சித்தூரும் கண்ட முதல் மக்களவை

1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பதித் தொகுதி வாக்காளர் ஓட்டுப் போடப் போனபோது அவர் சென்னை மாநிலத்துக்காரர். 1957இல் அடுத்த பொதுத்தேர்தலுக்கு அதே வீட்டிலிருந்து புறப்பட்டபோது ஆந்திரப் பிரதேசத்துக்காரர். நடுவில் மூன்றாண்டுக் காலம் ஆந்திர மாநிலத்துக்காரராகவும் இருந்துவிட்டார். குடியிருந்த வீடு நகரவில்லை. மாநிலம் இருமுறை மாறியது. இரண்டு மாற்றங்களுக்கும் சட்டம் செய்தது, அவரும் வாக்களித்து அமைத்த முதல் மக்களவை.

ஒரு மக்களவையின் காலத்தை மதிப்பிடுவோர் டெல்லியில் நிறைவேறிய சட்டங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். நம் வட்டாரத்திலிருந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வாக்காளர் ஐந்தாண்டுக்கு ஒப்படைக்கும் அதிகாரம், அவர் வாழும் மாநிலத்தையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரியது. அடுத்த தேர்தல் வரும்வரை அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் அவைக்குள்தான் இருக்க முடியும். கணக்குக் கேட்பவர்களும் நடுநிலை காப்பவர்களுமே அந்தக் கடிவாளம். முதல் மக்களவையில் இந்த இரண்டு வேலைகளையும் ஏற்றுச் செய்தவர் திருச்சானூரில் பிறந்தவர் என்பது நமக்குரிய பெருமை.

பெட்டியும் சீட்டும்

முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. வாக்காளர் மறைவிடத்துக்குள் போய்த் தமக்கு வேண்டியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். எழுத்தறியாதோர் பெருவாரியாக இருந்த நாட்டுக்குத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கண்ட வழி இது.

சித்தூர்த் தொகுதியில் இன்னொரு சிறப்பும் உண்டு. அது இரட்டை உறுப்பினர் தொகுதி; பொது இடம் ஒன்று, தாழ்த்தப்பட்டோருக்கான இடம் ஒன்று. வாக்காளர் கையில் இரண்டு சீட்டுகள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும். 1952இல் டி.என். விஸ்வநாத ரெட்டியும் எம்.வி. கங்காதர சிவாவும் சித்தூரிலிருந்து சென்றார்கள். திருப்பதியிலிருந்து சென்றவர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். இரட்டைத் தொகுதி முறை 1961இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

எல்லை நகர்ந்த கதை

சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. நகரி, புத்தூர், குப்பம் பக்கங்களில் தமிழும் தெலுங்கும் இன்றைக்கும் ஒரே தெருவில் கேட்கும். இத்தகைய மண்ணில் மொழிவழி எல்லை போடுவது எளிதாக இருக்குமா?

1952 டிசம்பர் 15இல், தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர்நீத்தார். நான்கு நாட்களில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். 1953 அக்டோபர் 1இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு, பிரகாசம் முதல்வராக, அம்மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போயிற்று. மறு ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. 1956 நவம்பர் 1இல் தெலங்கானா சேர்ந்து ஆந்திரப் பிரதேசமாயிற்று.

1952இல் பெட்டியில் சீட்டைப் போட்டவரிடம் எந்த மாநிலம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமும் சொல்லவில்லை. அதன் 3ஆம் பிரிவின்படி மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்றும் உரிமை நாடாளுமன்றத்துடையது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு தேவையில்லை.

ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் திருப்பதி, சித்தூர், திருத்தணி ஆகியவற்றுக்காக நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அடுத்த மக்களவையில்தான் சட்டமாயிற்று. எச்.வி. படாஸ்கரின் நடுவர் முடிவை ஒட்டி 1959இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குப் போய்ச் சத்தியவேடு வட்டமாயின. 1957இல் ஆந்திரத்தில் வாக்களித்த திருத்தணிக்காரர் 1962இல் சென்னை மாநிலத்தில் வாக்களித்தார்.

1957இல் சித்தூரிலிருந்து சென்ற ஐயங்காரே அப்போது மக்களவையின் சபாநாயகர். சபாநாயகர் விவாதத்தில் பேசுவதில்லை. இருபக்கமும் சமமாக நின்றால் மட்டுமே அவருக்கு வாக்கு. ஆக, தம் மாவட்டத்தின் எல்லையே மாறும் மசோதா வந்தபோது, அவையின் தலைமகனாக இருந்த சித்தூர்க்காரர் வாய்திறக்க இயலாத இடத்தில் இருந்தார். நடுநிலைக்கு ஒரு தொகுதி கொடுக்கும் விலை அது.

திருச்சானூர்க்காரர்

1891இல் பிறந்த ஐயங்கார், திருப்பதி தேவஸ்தானப் பள்ளியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தவர். சிறிது காலம் கணக்கு ஆசிரியர், பிறகு வழக்கறிஞர். 1934 முதல் மத்தியச் சட்டசபையில் இருந்த அனுபவசாலி. முதல் மக்களவை அவரைத் துணைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது.

அதைவிடச் சத்தமில்லாத பணி ஒன்றும் அவரிடம் இருந்தது. 1950இல் அமைந்த மதிப்பீட்டுக் குழுவின் முதல் தலைவர் அவரே. நாடாளுமன்றம் வகுத்த கொள்கை சரியா என்று அக்குழு கேட்பதில்லை; அந்தக் கொள்கைக்கு ஒதுக்கிய பணம் சிக்கனமாகச் செலவாகிறதா என்றே முதன்மையாகக் கேட்கும். அமைச்சகத்துக்கு வினாப்பட்டியல் போகும். பதில் வந்ததும் செயலர்களை வரவழைத்து உட்காரவைத்து விசாரிப்பார்கள். அமைச்சர்களுக்கு அங்கே இடமில்லை. ஆளுங்கட்சிக்காரரே தலைமை தாங்கி, ஆளுங்கட்சியின் செலவுக் கணக்கைக் கிளறும் பழக்கம் இப்படி வேரூன்றியது.

1956 பிப்ரவரி 27இல் சபாநாயகர் மாவலங்கர் காலமானார். மார்ச் 8இல் ஐயங்கார் அப்பதவிக்கு வந்தார். அந்த ஆண்டில்தான் ஆயுள் காப்பீட்டுக் கழகம் சட்டத்தின் மூலம் உருவானது. மறு ஆண்டு டிசம்பரில், புதிய மக்களவையில், அக்கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்திராவின் நிறுவனங்களில் போடப்பட்டதை ஃபெரோஸ் காந்தி அம்பலப்படுத்தினார். அவரும் காங்கிரஸ்காரர், பிரதமரின் மருமகன். சபாநாயகர் இருக்கையில் ஐயங்கார். நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் பின், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதல் அவை பெற்ற பிள்ளையை இரண்டாம் அவை தட்டிக்கேட்டது.

அவை கலைந்த பின்னும்

மக்களவையின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்தாண்டு. 1952 மே 13இல் கூடிய முதல் மக்களவை 1957 ஏப்ரல் 4இல் கலைக்கப்பட்டது. கலைந்ததும் உறுப்பினர் பதவிகள் எல்லாம் போய்விடும். சபாநாயகர் மட்டும் அடுத்த அவை கூடும் தறுவாய் வரை நீடிப்பார்; 94ஆம் பிரிவு சொல்வது இது. அதன்படி மே 10இல் இரண்டாம் மக்களவை கூடும்வரை, பழைய அவையின் எச்சமாக நின்றவர் ஐயங்கார். அதற்குள் அவர் சித்தூரில் வென்றிருந்தார். மே 11இல் மீண்டும் சபாநாயகரானார். 1962இல் மூன்றாம் முறை வென்ற கையோடு பீகார் ஆளுநராகப் போனதால் சித்தூரில் இடைத்தேர்தல் வந்தது. சுதந்திராக் கட்சியின் என்.ஜி. ரங்கா வென்றார்.

காலி இருக்கைகள்

இடைத்தேர்தல் என்றதும் அண்மைக்கால நிகழ்வு ஒன்று நினைவுக்கு வரும். 2020 செப்டம்பர் 16இல் திருப்பதி உறுப்பினர் பல்லி துர்கா பிரசாத் ராவ் கொரோனாவால் இறந்தார். வாக்குப்பதிவு 2021 ஏப்ரல் 17இல் நடந்தது. மே 2இல் எம். குருமூர்த்தி வென்றார். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்பது சட்டத்தின் பொதுவிதி. விலக்கும் அதிலேயே உண்டு. ஏழு மாதத்துக்கும் மேலாகத் திருப்பதிக்கு மக்களவையில் குரல் இல்லாமல் போயிற்று.

அதே பதினேழாம் மக்களவை, 2019 முதல் 2024 வரை, துணைச் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்காமலேயே தன் காலத்தை முடித்துக்கொண்டது. முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. பதினேழாவது 274 நாட்கள். துணைச் சபாநாயகரை ‘கூடிய விரைவில்’ தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆம் பிரிவு, நாள் குறிக்கவில்லை. அவையின் ஆயுளுக்குக் கெடு வைத்த அரசமைப்புச் சட்டம், அவையைக் கட்டுக்குள் வைக்கும் பதவிக்குக் கெடு வைக்காமல் விட்டுவிட்டது. உறுப்பினர் மறைந்தால் ஆறு மாதம் என்று விதி இருப்பதுபோல, இப்பதவிக்கும் ஒரு விதி தேவை. முதல் துணைச் சபாநாயகரைத் தந்த தொகுதியின் உறுப்பினர் அதற்கான திருத்தத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கைக்குத் தனி உரிமை உண்டு.