தோற்றுப்போய் ஜெயித்த தட்டு

டிவ்எக்ஸ் என்றதும், 2000-களின் ஆரம்பத்தில் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு ஒரே சிடியில் முழுப்படமும் அடங்கிய ஏவிஐ ஃபைல் ஞாபகம் வரும். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அதே பெயரில் அமெரிக்காவில் ஒரு தட்டு விற்பனைக்கு வந்து ஒரு வருஷத்திலேயே படுத்துவிட்டது. அதைக் கிண்டல் செய்யத்தான் பின்னால் வந்த மென்பொருளுக்கு அதே பெயரை, கண்ணடிக்கும் சிரிப்புக்குறியோடு சேர்த்து வைத்தார்கள். கிண்டல் நிலைத்துவிட்டது, அசல் மறந்துபோய்விட்டது.

படத்தை டிஸ்க்காக வாங்கி வைப்பதா, டிஜிட்டலில் வாங்கினால் போதுமா என்ற பேச்சு வந்தால் உடனே பிக்சர் தரம், விலை, அலமாரியில் இடம் என்று போவோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: காசு கொடுத்து வாங்கிய பிறகு, அதைப் பார்க்க நான் யாரையாவது கேட்க வேண்டுமா? அந்த மறந்துபோன தட்டின் கதை முழுக்க இந்தக் கேள்விதான்.

ஒரு டாலர் நாவல்

கதை சினிமாவில் ஆரம்பிக்கவில்லை. 1904-ல் பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. உள்ளே ஓர் எச்சரிக்கை: ஒரு டாலருக்குக் குறைத்து விற்க யாருக்கும் உரிமம் இல்லை, மீறினால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். நியூயார்க்கின் மேஸீஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-ல் தீர்ப்பு வந்தது: ஒரு பிரதியை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்கிறார் என்பதில் பதிப்பாளர் தலையிட முடியாது. (வழக்கில் ஜெயித்த கடை முதலாளிகளில் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸ், நான்கு வருஷம் கழித்து டைட்டானிக்கில் மனைவியோடு உயிரைவிட்டவர். படத்தில் கட்டிலில் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் வயதான ஜோடி அவர்களை வைத்து எடுத்ததுதான்.)

இதற்கு 'முதல் விற்பனை' கோட்பாடு என்று பெயர். அமெரிக்காவில் பழைய புத்தகக் கடைக்கும் இரவல் கொடுப்பதற்கும் சட்டப் பாதுகாப்பு இதுதான்.

1977-ல் ஆண்ட்ரே பிளே என்பவர் ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடம் 50 படங்களுக்கு உரிமை வாங்கி வீடியோ கேசட்டாக விற்க ஆரம்பித்தார். விலை 50 டாலருக்குப் பக்கம். அதே வருஷம் லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் அட்கின்சன் அந்தக் கேசட்டுகளை வாங்கி வாடகைக்கு விட்டார். ஸ்டூடியோக்களுக்கு வயிறு எரிந்தது. ஒரு கேசட்டை நூறு பேர் பார்த்தாலும் தங்களுக்கு ஒரு கேசட்டின் காசுதான். ஆனால் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிய பொருள், 1908 தீர்ப்பு அவர் பக்கம். 1980-களில் சட்டத்தை மாற்றவும் முயன்று பார்த்தார்கள், நடக்கவில்லை.

போன் செய்யும் பிளேயர்

சட்டத்தால் முடியாததைத் தொழில்நுட்பத்தால் செய்து பார்த்ததுதான் டிவ்எக்ஸ். சர்க்யூட் சிட்டி என்ற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தொடரும் ஹாலிவுட்டின் ஒரு வக்கீல் நிறுவனமும் சேர்ந்து 1997 செப்டம்பரில் அறிவித்தார்கள். டிவிடி அமெரிக்காவுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. டிஸ்னி, பாரமவுன்ட், ஃபாக்ஸ், யுனிவர்சல் போன்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். வார்னரும் சோனியும் சேரவில்லை.

தட்டு சுமார் 4.50 டாலர். முதல் தடவை பிளே அழுத்தியதிலிருந்து 48 மணி நேரம் ஓடும். பிறகு பார்க்கணும் என்றால் மறுபடி காசு. பிளேயரை வீட்டு போன் லைனில் மாட்டி வைக்க வேண்டும், அதுவே சர்வரைக் கூப்பிட்டுக் கணக்கு ஒப்பித்துவிடும். கூடுதலாகப் பணம் கட்டினால் தட்டு 'சில்வர்' ஆகும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் உங்கள் கணக்கில் பதிந்த பிளேயரில் மட்டும். நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போனால் அங்கே அவர் கணக்கில் மீட்டர் ஓடும்.

சாதாரண டிவிடியிலும் பூட்டு உண்டு. ஆனால் சாவி பிளேயருக்குள்ளேயே இருக்கிறது, தட்டும் பிளேயரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும். டிவ்எக்ஸில் சாவி வேறொருவரின் சர்வரில். லைசென்ஸ் சர்வர்களோடு மாரடித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். சர்வர் என்று ஒன்று இருந்தால், அதை அணைக்கிற நாள் என்றும் ஒன்று உண்டு.

1998 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலும் ரிச்மண்டிலும் சோதனை விற்பனை, செப்டம்பரில் நாடு முழுக்க. அப்போது இணையத்தில் டிவிடி ரசிகர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வாடகைக் கடைகள் தொடவில்லை. 1999 ஜூன் 16 அன்று கடையைக் கட்டினார்கள், சர்க்யூட் சிட்டிக்கு நஷ்டம் 11 கோடி டாலருக்கு மேல். பிளேயர் வாங்கியவர்களுக்கு 100 டாலர் திருப்பித் தந்தார்கள். 2001 நடுவில் சர்வரையும் நிறுத்தினார்கள். 'சில்வர்' என்று எக்ஸ்ட்ரா கட்டி வாங்கிய தட்டும் அன்றோடு வெறும் பிளாஸ்டிக்.

அதே சரக்கு, தட்டு இல்லாமல்

ஜனங்கள் ஜெயித்தார்கள், சுபம் என்று இங்கே முடித்திருக்கலாம். ஆனால் 2006 செப்டம்பரில் ஐடியூன்ஸ் முழுநீளப் படங்களை விற்க ஆரம்பித்தது. முதலில் படம் கொடுத்தது டிஸ்னிதான். ஒரு கணக்கு, அந்தக் கணக்கில் பதிந்த கருவிகள், அனுமதி தரும் ஒரு சர்வர். பார்த்தால் அச்சு அசல் டிவ்எக்ஸ் சில்வர். இந்தத் தடவை யாரும் கொடி பிடிக்கவில்லை. போன் வயர் கண்ணுக்குத் தெரிந்தது, உறுத்தியது. வீட்டு இணையம் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால், பின்னால் நடக்கிற அனுமதிப் பேச்சு நமக்குத் தெரிவதே இல்லை. வசதியும் நிஜமாகவே அதிகம்.

பிறகு நடந்தவை எதிர்பார்க்க வேண்டியவைதான். ஸ்டூடியோக்கள் பல சேர்ந்து 2011-ல் கொண்டுவந்த அல்ட்ராவயலெட் என்ற 'டிஜிட்டல் அலமாரி' 2019 ஜூலையில் மூடப்பட்டது. வேறு சேவையோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2023 டிசம்பரில், வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அந்த மாசக் கடைசியோடு கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று பிளேஸ்டேஷன் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, புது ஒப்பந்தம் போட்டு, முடிவை வாபஸ் வாங்கினார்கள். காப்பாற்றியது இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தம். வாங்கியவரின் உரிமை என்று அங்கே எதுவும் பேசப்படவில்லை.

1908 தீர்ப்பு இங்கே கை கொடுக்காதா? வாங்கிய பாட்டு ஃபைல்களை மறுவிற்பனை செய்ய வழி செய்த ரீடிஜி வழக்கில், 2018-ல் நியூயார்க் அப்பீல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஃபைலை ஒருவருக்கு அனுப்பினால் அங்கே புதுப் பிரதி உருவாகிறது, முதல் விற்பனைக் கோட்பாடு அதற்குப் பொருந்தாது என்றது.

இதை வைத்து டிஸ்க்கைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். தட்டு கெட்டுப்போகும். மண்டலக் குறியீடு என்ற தொல்லை உண்டு, நம்முடையது 5, அமெரிக்கத் தட்டு 1. ஓப்போ 2018-லும், சாம்சங் அமெரிக்காவில் 2019-லும் புளூரே பிளேயர்களை விட்டு ஒதுங்கின. ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். நம்மூரில் 2007-ல் மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று இறங்கி மார்க்கெட்டையே புரட்டிப்போட்டது. அந்தக் கம்பெனி 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. கீறல் விழாத தட்டும் ஒரு பிளேயரும் இருந்தால் படம் இன்றும் ஓடும். செத்துப்போன கம்பெனியின் அனுமதி எதற்கும் தேவையில்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்கு' என்று பட்டன் வைக்கக் கூடாது. அதில் ஒரு விலக்கு உண்டு: இணையம் இல்லாமலே நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி இறக்கிக்கொள்ள முடிந்தால், இந்த விதி பொருந்தாது. கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். டிஸ்க்கா டவுன்லோடா என்பதைவிட, யாரையும் கேட்காமல் ஓடுமா என்பதுதான் கேள்வி.

நான் கடைப்பிடிக்கிற வழக்கம் இதுதான். ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிற படத்துக்கு ஸ்ட்ரீமிங். பத்து வருஷம் கழித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டணும் என்று தோன்றும் படத்துக்கு டிஸ்க், அல்லது பூட்டில்லாத ஃபைல் விலைக்குக் கிடைத்தால் அது, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். சந்தேகம் வந்தால் நெட்டை அணைத்துவிட்டுப் பிளே அழுத்திப் பாருங்கள். இறக்கி வைத்த படமும் சில நாள் ஓடிவிட்டு அனுமதி கேட்டு நிற்கலாம், அதனால் ஒரு மாசம் கழித்து இன்னொரு தடவையும்.