ஏர்வாடித் தீ விபத்தும் மனநலச் சட்டங்களும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலை வேய்ந்த கொட்டகையில் ஏறத்தாழ 45 பேர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். சங்கிலி தளர்வாக இருந்த சிலர் தப்பினர். 25 பேர் அங்கேயே கருகி இறந்தனர். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து மொத்த உயிரிழப்பு 28 ஆனது. உடல்கள் பலவற்றை இன்னார் என்று அடையாளம் காணவும் இயலவில்லை.

இந்தியாவில் மனநலப் பராமரிப்பில் அரசின் பொறுப்பு என்ன என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்ற நிகழ்வு இது. ஆனால் சட்டம் இல்லாததால் நேர்ந்த துயரம் என்று இதைச் சொல்ல முடியாது. உரிமம் வழங்கும் அதிகாரம், ஆய்வுக்குச் செல்லும் அதிகாரம், தண்டிக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தன.

ஏர்வாடியும் காப்பகங்களும்

ஏர்வாடி தர்கா சுல்தான் சையது இப்ராகிம் ஷகீது அவர்களின் அடக்கத்தலம். இங்கு நடைபெறும் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சமயத்தவரும் வருகின்றனர். மனநோய் கண்டவர்களை இங்கே கொண்டுவந்து தங்கவைத்தால் குணமாகும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. தர்காவின் தண்ணீரும் விளக்கு எண்ணெயும் மருந்தாகக் கருதப்பட்டன. வீடு திரும்பலாம் என்ற உத்தரவு நோயாளியின் கனவில் கிடைக்கும் என்றும், அதுவரை அங்கேயே தங்கியிருக்க வேண்டும் என்றும் நம்பினர். அந்த உத்தரவு சிலருக்குச் சில வாரங்களில் கிடைத்தது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை.

குடும்பத்தினர் வேலை வெட்டியை விட்டுவிட்டு அத்தனை காலம் உடனிருக்க முடியாது. இந்தத் தேவையிலிருந்துதான் தர்காவைச் சுற்றிக் காப்பகங்கள் முளைத்தன. மாதப் பணம் பெற்றுக்கொண்டு நோயாளியை வைத்துக்கொள்வது அவற்றின் வேலை. பலவற்றில் மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி போட்டனர். இவை தர்கா நிர்வாகம் நடத்தியவை அல்ல, தனியாரின் பிழைப்பு. இந்த வேறுபாடு அன்றைய பரபரப்பில் பல வேளைகளில் மறக்கப்பட்டது.

இத்தகைய நம்பிக்கை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் அன்று. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோனியார் ஆலயத்துக்கும் இதே காரணத்துக்காக மக்கள் செல்கின்றனர். அரசு மருத்துவமனை எட்டாத தொலைவில் இருக்கும்போது, எட்டும் தொலைவில் இருந்த இடத்துக்கு மக்கள் போனார்கள்.

அந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ளாமல் குடும்பங்களைக் குறைகூறுவது நியாயமாகாது. சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, அறுவை மருத்துவர் வாலண்டைன் கானலி பொறுப்பில் மனநோயாளிகளுக்கான விடுதி ஒன்று தொடங்கியது. 1871இல் அரசு மனநோய் விடுதி கீழ்ப்பாக்கத்தில் இடம்பெற்றது. 1922இல் அது அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 200 ஆண்டுப் பழைமை சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 2001இல் தமிழ்நாடு முழுமைக்கும் தனி அரசு மனநல மருத்துவமனை என்று இருந்தது அது ஒன்றே. ஏர்வாடியிலிருந்து அங்கே போய்வர 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மருந்து தீரும்போதெல்லாம் அந்தப் பயணம் போகக்கூடிய கூலிக் குடும்பங்கள் எத்தனை?

மருத்துவத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டமும் ஏட்டில் இருந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் அறிவிக்கப்பட்டது. அதன் பகுதியான மாவட்ட மனநலத் திட்டம் 1996இல்தான் தொடங்கியது. 2002 வரை நாடெங்கிலும் 27 மாவட்டங்களுக்கு மட்டுமே அது சென்றுசேர்ந்தது. இந்தியாவில் அப்போது ஏறக்குறைய 600 மாவட்டங்கள் இருந்தன.

1987ஆம் ஆண்டுச் சட்டம்

ஆங்கிலேயர் காலத்து 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டத்துக்கு மாற்றாக, மனநலச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. ஆனால் 1993 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இயற்றிய பிறகு அதைத் தொடங்கிவைக்கவே 6 ஆண்டுகள் ஆயின.

இச்சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மனநல மருத்துவமனையோ மனநலப் பராமரிப்பு இல்லமோ நடத்தக் கூடாது. ஆய்வு அலுவலர்கள் உள்ளே சென்று பார்வையிடலாம். ஒவ்வொரு மாநிலமும் மாநில மனநல ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும். சிகிச்சையின்போது மனநோயாளியின் உடலுக்கோ மனத்துக்கோ இழிவும் கொடுமையும் நேரக் கூடாது என்று 81ஆம் பிரிவு கூறியது. உரிமம் இல்லாமல் நடத்துவோருக்கு முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பகம் நடத்துபவர் ஒரு நோயாளியிடம் வாங்கும் பணத்தைக் கொண்டே அந்த அபராதத்தைக் கட்டிவிடலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை சொற்களில் இருந்தது. சட்டம் மருத்துவமனையைப் பற்றிப் பேசியது. ஏர்வாடியில் இருந்தவை தங்களைக் காப்பகம் என்று அழைத்துக்கொண்டன. சட்டம் சிகிச்சையின்போது நேரும் கொடுமையைத் தடுத்தது; ஏர்வாடியில் சிகிச்சையே இல்லை. ஆக, மருத்துவம் தராத இடம் என்பதையே காரணமாகக் காட்டி அலுவலகங்கள் ஒதுங்கிக்கொள்ள இடமிருந்தது. சுகாதாரத் துறைக்கு அது விடுதி, வருவாய்த் துறைக்கு அது வழிபாட்டுத் தலத்தின் சுற்றுப்புறம், காவல்துறைக்கு அது குடும்பத்தாரே கொண்டுவந்து ஒப்படைத்த விவகாரம்.

அரசமைப்புச் சட்டத்திலும் இந்தப் பொருள் பொதுப் பட்டியலில் 16ஆம் இனமாக உள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றலாம். இருவருக்கும் உரிய வேலை நடைமுறையில் யாருக்கும் உரியதாக இல்லாமல் போவதை நம் ஊர்ப் பொதுக்குளங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். (அந்த இனத்தில் லூனசி என்ற பழைய சொல்லே இன்றும் நிற்கிறது. சாதாரணச் சட்டங்களின் தலைப்பிலிருந்து அதை நீக்கிய நாடாளுமன்றம் இதைத் தொடவில்லை.)

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஆக்ரா, குவாலியர், ராஞ்சி மனநல மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 1997இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அரசு மருத்துவமனைகளின் நிலையே எவ்வளவு மோசம் என்பதை எடுத்துக்காட்டியது. அரசு நடத்தும் இடங்களே அப்படி இருந்தால், யாரும் எட்டிப்பார்க்காத ஓலைக் கொட்டகைகள் எப்படி இருந்திருக்கும்!

தீக்குப் பிறகு

தீ விபத்து நடந்து ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அவற்றிலிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்த வேகம் பாராட்டுக்குரியதுதான். ஆனால் 1993 முதல் செய்ய முடியாத ஒன்றை 7 நாளில் செய்ய முடிந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் புதிய சட்டம் எதுவும் வரவில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் ஊரறிந்த செய்தி. சங்கிலிகள் மறைவாகவும் இருந்ததில்லை.

தமிழ்நாட்டு அரசு என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. காப்பகம் நடத்துவோர் கட்டாயம் உரிமம் பெற வேண்டும், நோயாளிகளின் சங்கிலிகளை அகற்ற வேண்டும், பராமரிப்பு மேம்பட வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. இவற்றில் உரிமம் பற்றிய பரிந்துரை ஏற்கெனவே இருந்த சட்டத்தின் மறுபதிப்பு. 2007இல் காப்பக உரிமையாளர், அவர் மனைவி, உறவினர் இருவர் ஆகிய நால்வருக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனைப் பட்டியலில் அரசு அலுவலர் எவரும் இல்லை.

உச்ச நீதிமன்ற ஆணை

செய்தித்தாள்களில் வந்த செய்தியைக் கொண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. முதல் செய்திகளில் வந்த கணக்கின்படி, சங்கிலியால் கட்டப்பட்ட 25 பேரின் மரணம் என்றே வழக்குக்குப் பெயர் அமைந்தது. சட்ட நூல்களில் இன்றும் அந்த எண்ணே உள்ளது. பிறகு இறந்த மூவருக்கு வழக்கின் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை.

2002 பிப்ரவரி 5 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதவியைக் குறிப்பிட்டது. மாநிலங்கள் அனைத்தும் மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். பதிவு பெற்றது, பெறாதது, எந்தப் பெயரில் இயங்குவது என்ற வேறுபாடு கூடாது; மனநலப் பராமரிப்பு தருவதாகச் சொல்லும் எல்லாமே கணக்கில் வரும். காப்பகம் என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் வழி இத்துடன் அடைபட்டது. உரிமம் மறுக்கப்பட்டால் அந்த இடம் மூடப்படுவதையும், நோயாளிகள் அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றப்படுவதையும் உறுதிசெய்வது அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. துறைகளுக்கிடையே எல்லைச் சிக்கல் எழாமல் ஒருங்கிணைப்பது தலைமைச் செயலரின், அல்லது அவர் நியமிக்கும் கூடுதல் தலைமைச் செயலரின் வேலை. மாநில மனநல ஆணையம் உள்ளதா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று ஒவ்வொரு மாநிலமும் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.

சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளிகளைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்லாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் கிராமங்களில் பரப்புமாறும் ஆணை கூறியது. இந்தப் பகுதி மட்டும் எளிதில் நடக்கக்கூடியதாக இல்லை. நம்பிக்கையை விளம்பரத்தால் மாற்றிவிட முடியாது. பின்னாளில் வேறு வழி ஒன்று வெளிப்பட்டது. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு அங்கேயே மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்தனர். மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. குணசீலம் கோயிலும் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையத்தை ஏற்படுத்தியது. நோயாளியைக் கோயிலிலிருந்து இழுத்துவருவதைவிட மருத்துவரைக் கோயிலுக்கு அனுப்புவது பலனுள்ளதாக இருந்தது.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கேற்ப மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்தது. எந்த முறையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவு கூறுகிறது. இதில், சிகிச்சையின்போது என்ற கட்டுப்பாடு இல்லை. மனநோய் உள்ளவர் பராமரிப்புக்காகத் தங்கவைக்கப்படும் எந்த இடமும், உறவினருடன் வாழும் வீடு நீங்கலாக, சட்டத்தின் வரம்புக்குள் வரும். பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை தண்டத்தொகை; தொடர்ந்தால் 5 இலட்சம் வரை உயரும்.

அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. முந்தைய சட்டங்களில் நோயாளியை எப்படிச் சேர்ப்பது, அவர் சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்பவையே பெரிதும் இடம்பெற்றன. இப்போதுதான் அரசு என்ன தர வேண்டும் என்பது சட்டத்தின் வாசகமாக வந்தது.

அடுத்த சோதனைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில், நம்பிக்கை அடிப்படையிலான விடுதி ஒன்றில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடப்பதாக வழக்கு வந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மனிதத்தன்மையற்ற செயல் என்று கண்டித்து, 95ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டியது. ஏர்வாடி ஆணை கேட்ட மாவட்டவாரிக் கணக்கெடுப்புக்கு அப்போது 17 வயதாகியிருந்தது.

குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அத்தகையவர்கள் தங்குவதற்குச் சமுதாய இல்லங்களை அமைத்துத்தர வேண்டியது அரசு. ஏர்வாடியில் சங்கிலி அகற்றப்பட்ட 500க்கும் மேற்பட்டோரில், போவதற்கு வீடில்லாதவர்களுக்கு 2001இல் அப்படி ஒரு முகவரி இருக்கவில்லை.