37.33 விநாடியும் 46 வருஷமும்

வாழ்க்கைச் சரித்திரப் படங்கள் பொய் சொல்கின்றன என்பது பழைய குற்றச்சாட்டு. என்னை உறுத்துவது வேறு. அவை காலத்தைத் தம் வசதிக்கு அளக்கின்றன.

முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டைக்காரராக இருந்தவர். 1965 யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. 1972 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்துத் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்ஸில் தனிநபர் தங்கம் என்று ஒன்று இந்தியாவுக்குக் கிடைத்தது 2008இல், அபினவ் பிந்த்ராவால். அதே ஆகஸ்டில் ம்யூனிக்கில் தொடங்கிய ஒலிம்பிக்ஸின் ஹாக்கி வெண்கலம், வங்கிப் பரீட்சைக்கு நான் உருப்போட்ட பொது அறிவுப் புத்தகங்களில் இருந்தது. பேட்கரின் தங்கம் இல்லை. அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018இல். இடையில் 46 வருஷம்.

கபீர் கானின் 'சந்து சாம்பியன்' (2024) சரியான இடத்தில்தான் தொடங்குகிறது. அர்ஜுனா விருது தரவில்லை என்று ஜனாதிபதிகள் மீதே புகார் கொடுக்க ஒரு கிழவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார். ஆனால் அவருடைய கேள்வி கடந்த காலத்துக்குள் நுழைய ஒரு வாசல், அவ்வளவே. பிறகு குண்டு, ஆஸ்பத்திரி, நீச்சல்குளம், கைதட்டல். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் ஆடிப்பூரத்தன்று ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டது தேரோட்டத்தை.

சேர்ந்து பார்த்த ராஜபாளையத்து நண்பர், கவிஞர், "நம்பிக்கை கொடுக்கிற படம்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். தடை முழுவதையும் உடம்புக்குள் வைத்து, அதை மனோபலத்தால் ஜெயிக்கவைத்துவிட்டால், வெளியே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குண்டு எதிரியுடையது, வெற்றி அவருடையது, 46 வருஷம் யாருடையதும் இல்லை. ஃபைல்களோடு பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது தெரியும்: ஃபைல் யாரையும் மறுப்பதில்லை, சும்மா கிடக்கிறது.

பேட்கருக்கு அர்ஜுனா வாழ்நாள் விருது 2025 ஜனவரியில் கிடைத்தது. படத்தால் என்று நான் சொல்லவில்லை. நடந்த வரிசை அதுதான்.

நம் பக்கத்து உதாரணம் சேலம் மாவட்டத்து மாரியப்பன். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். 2017 பிறந்ததுமே அவரைப் பற்றிய படம் அறிவிக்கப்பட்டது. கதை ரியோவில் முடிந்துவிட்டது என்று அப்போது தோன்றியிருக்கும். அவர் 2021இல் டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளியும், 2024இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலமும் வாங்கினார். உயரம் குறைந்துகொண்டே வரும் இந்த மூன்று எண்களுக்கு ஒரு திரைக்கதை எழுத நம்மிடம் ஆள் உண்டா?