நாற்பத்தைந்து டாலர் மிகுதி

அன்றைக்குப் பணப்பெட்டியில் இருந்தது 320 டாலர். மேசைமேல் இருந்த சிப்களைக் கூட்டினால் 365 வந்தது. மூன்று முறை எண்ணினோம். மூன்று முறையும் 365.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை போக்கர் நடக்கும். ஏழு பேர். ஆளுக்கு 40 டாலர் கொடுத்து சிப் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். அன்று ஒருவர் மட்டும் தோற்று மறுபடி 40 போட்டிருந்தார். கணக்கு அவ்வளவுதான். சிப்களைக் கொடுத்து வாங்கும் ‘பேங்க்’ வேலை என்னுடையது. சிப் மிஞ்சினால் இரண்டே விளக்கம். நான் எண்ணிக் கொடுத்ததில் பிழை, அல்லது யாரோ வெளியிலிருந்து சிப் கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தியது, அலுமினியப் பெட்டியில் எல்லாக் கடைகளிலும் விற்கும், ஓரத்தில் தாயக்கட்டை படம் போட்ட பிளாஸ்டிக் சிப். அதே செட் எங்களில் இன்னும் மூன்று பேர் வீட்டில் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அதைச் சொல்லவில்லை.

கடைசியாகச் சிப்பைக் கொடுத்துப் பணம் கேட்டவருக்குத்தான் அந்த 45 குறைந்தது. எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். “நான்தாண்ணே தப்பா எண்ணியிருப்பேன், இந்தாங்க” என்று என் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். “வேணாம்பா, வச்சுக்கோ” என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. இன்னொருவரும் வரவில்லை.

எங்களுக்கென்று தனியாக சிப் அடித்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஆர்டர் கொடுக்கப் போனவன் சிப்பின் வரலாற்றில் இறங்கிவிட்டேன். அதிலேயே இரண்டு மாதம் போயிற்று.

தன் பெயர் போட்ட சிப் வேண்டும் என்ற ஆசை, போக்கருக்கும் முந்தையது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பங்கள் சீட்டாட்டத்துக்கான வில்லைகளைச் சீனாவின் காண்டன் துறைமுகத்தில், அதாவது இன்றைய குவாங்சோவில், செய்து வாங்கின. முத்துச்சிப்பியின் உள்ளோட்டை மெல்லிசாக அறுத்து, வட்டமாகவும் நீள்சதுரமாகவும் மீன் வடிவிலும் வெட்டி, நடுவில் அந்தக் குடும்பத்தின் சின்னத்தையோ பெயரின் முதலெழுத்துகளையோ செதுக்கித் தருவார்கள். சின்னத்தின் படம் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் போக வேண்டும். போக ஏறக்குறைய ஆறு மாதம், வர ஆறு மாதம், நடுவில் வேலை, பருவக்காற்றுக்கான காத்திருப்பு. இதே வழியில் போன பீங்கான் தட்டு ஆர்டர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘இங்கே சிவப்பு’ என்று படத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினால், ஆங்கிலம் அறியாத ஓவியர் அந்த எழுத்தையும் அழகாகத் தட்டில் வரைந்துவிடுவாராம்.

மீன் வடிவம் எதற்கு? பிரெஞ்சில் இந்த வில்லைக்கு ‘ஃபீஷ்’ என்று பெயர். ஆங்கிலேயர் காதில் அது மீனாக விழுந்தது, மீனாகவே வெட்டவும் சொல்லிவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் லிடியா தான் ஜெயித்த மீன்களையும் தோற்ற மீன்களையும் பற்றி ஓயாமல் பேசுவாள். முதல் முறை படித்தபோது ஏதோ விருந்துச் சாப்பாடு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அவை சிப்கள்!

நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சீட்டுக் கச்சேரிகளில் நான் பார்த்தது தீக்குச்சியும் புளியங்கொட்டையும். சமையல்கட்டுக்குப் போனால் இன்னும் ஒரு கை அள்ளலாம். ஆனாலும் யாரும் அள்ளியதாகக் கேள்விப்பட்டதில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தது மாமாவும் சித்தப்பாவும்.

மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் மாமா, சித்தப்பா கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து போக்கர் மேலே பரவியது அந்தப் படகுகள் வழியாகத்தான். அடுத்த துறையில் இறங்கி மறைந்துவிடும் மனிதர்கள். முதலில் நாணயம், தங்கத்தூள், தங்கக் கட்டி, கையில் இருந்ததெல்லாம் பந்தயம். பிறகு எலும்பு, மரம், தந்தம். 1880களில் களிமண்ணையும் அரக்கையும் கலந்து அழுத்திய சிப்கள் பரவின. மலிவு, கையில் நல்ல கனம். கூடவே வந்தது என் பேஸ்மென்ட்டின் பிரச்சினை. கடையில் கிடைக்கும் வெற்றுச் சிப்பை யாரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாமே. அதனால் சூதாட்ட விடுதிக்காரர்கள் எழுத்தோ பூவோ மிருகமோ பதித்த சிப்களை ஆர்டர் செய்யத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் சட்டவிரோத விடுதிகளுடையது. நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பிற இடங்களில் பெரும்பாலும் கதவை மூடிக்கொண்டுதான் ஆட்டம். அந்த விடுதிகளுக்கும் சிப் வேண்டும், ஆனால் பெயரை முழுசாகப் போட்டால் அதுவே போலீஸுக்குச் சாட்சி. ஆகவே இரண்டு மூன்று எழுத்து மட்டும். அவற்றை விற்ற கம்பெனிகளோ, யார், எந்த முகவரிக்கு, என்ன எழுத்தில் வாங்கினார்கள் என்று ஒழுங்காக அட்டையில் குறித்துவைத்தன. எஞ்சிய அந்த அட்டைகளை வைத்துத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் எழுத்துகளுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒளிந்து நடத்திய தொழிலுக்கு இவ்வளவு சுத்தமான ரிக்கார்டு.

சிப் என்பது பணமல்ல, கேட்டால் தருகிறேன் என்று அந்த வீடு கொடுக்கும் வாக்கு. இது எனக்கு முழுசாக உறைத்தது ஒரு கொள்ளைக் கதையில். 2010 டிசம்பரில், லாஸ் வேகாஸின் பெலாஜியோ காசினோவுக்குள் ஹெல்மெட்டோடு நுழைந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டி சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தான். அதில் 25,000 டாலர் சிப்களும் இருந்தன. அவற்றை எங்கே போய் மாற்றுவது? அதே காசினோவில்தான். காசினோ அந்த 25,000 டாலர் வரிசையையே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒரு தேதிக்குப் பிறகு அவை வெறும் வில்லை. அவன் சிப்களை விற்கப் பார்த்து, மாறுவேடப் போலீஸிடமே மாட்டினான்.

என் ஆர்டருக்கு வருகிறேன். 300 சிப்: கால் டாலர் 100, ஒரு டாலர் 120, ஐந்து டாலர் 80. களிமண் வகைதான் ஆசை. அதில் ஓரத்துக் கோடுகள் சாயமல்ல. வேறு நிறத் துண்டை வெட்டிச் செருகி, சூடாக்கி அழுத்துவார்கள். விலையைப் பார்த்துவிட்டு செராமிக்குக்கு இறங்கினேன். நிறம், எங்கள் ஆட்கள் அட்லாண்டிக் சிட்டியில் பார்த்துப் பழகியதே: ஒன்றுக்கு வெள்ளை, ஐந்துக்குச் சிவப்பு. நடுவில் வாசல் தபால்பெட்டியின் கோட்டோவியம். மதிப்பைத் தமிழ் எண்களில் போட்டேன், ௨௫, ௧, ௫ என்று. வடிவமைப்பை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

“மச்சி, இது என்ன, உரு-வா?”

“பிள்ளையார் சுழி போட்டுச் சூதாடறதா? எங்கம்மா பார்த்தா செருப்பாலயே அடிப்பாங்க.”

ஏழாவது ஆள் குஜராத்தி. அவர் பாவம், ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். வீட்டின் வாக்கு என்று பெரிதாகப் பேசிவிட்டு, மேசையில் ஒருவரால் அதைப் படிக்கவே முடியாது என்றால் எப்படி? வழக்கமான எண்களைப் பெரிதாக வைத்துத் தமிழ் எண்களை அடியில் சிறிதாக்கினேன். கம்பெனியிலிருந்து வந்த மாதிரிப் படத்தில் ௫ தலைகீழாக நின்றது. காண்டன் ஓவியர் நினைவுக்கு வந்தார். திருத்தி அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் ஒரு வெள்ளை சிப்பைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அந்த 45 டாலரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதிப் பார்த்து அழித்தேன் என்பதே சரி. “சனிக்கிழமை வாங்கண்ணே” என்று மட்டும். பதில் வரவில்லை. ஆனால் ஆள் வந்தார், எப்போதும்போல மிக்சர் பாக்கெட்டோடு.

ஆட்டம் முடிய ஒரு மணியாகிவிட்டது. பெட்டியில் 280, எல்லோர் கணக்கும் தீர்த்தால் 5 டாலர் மிஞ்சியது. யாரோ விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று, அவர்கள் போனபிறகு சிப்களைத் தட்டுகளில் அடுக்கினேன். சிவப்பில் 79 இருந்தது. சோபா இடுக்கில், கம்பளத்துக்கு அடியில், மிக்சர் கிண்ணத்துக்குள்கூடத் தேடினேன். இல்லை. வயிற்றில் அதே பழைய கனம்.

ஒன்றரைக்கு போன் அதிர்ந்தது. அண்ணன். கார் ஸ்டியரிங்குக்கு மேல் பிடித்த சிவப்பு சிப்பின் படம். கீழே ஒரு வரி:

“ஒண்ணு எடுத்துட்டேன்டா, காசு பெட்டியிலயே விட்டிருக்கேன் பாரு. ௫ நேராத்தான் இருக்கு.”