ஒரு வெள்ளியும் ஒரு மணி நேரமும்

நாங்கள் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் பிள்ளைகளும் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. ஆகவே ஆறாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை, வாரத்தில் சில வேளை, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்துக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கச் செய்வதுண்டு. ஒரு நாள் ஒரு மாணவனின் தந்தையார் வேலை முடிந்த கையோடு பள்ளிக்கு வந்தார். "சார், என் பையன் ஊரான் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால், அவன் படிப்பு என்னாவது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நாள் முழுவதும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தகப்பன் கேட்காமல் வேறு யார் கேட்பார்? அன்று நாம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்று காணப் போகிறோம்.

சிங்கப்பூரில் தேக்கா என்று நம்மவர் அழைக்கும் லிட்டில் இந்தியாவுக்கு அருகில் ஷார்ட் ஸ்ட்ரீட் என்றொரு சிறிய தெரு உண்டு. 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமியர் கல்வி கற்கத் தொடங்கினர். அவர்களுக்காகப் பள்ளியைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்னும் பெண்மணி. பெண் குழந்தையைப் படிக்க அனுப்பவே தயங்கிய காலம் அது. அந்தச் சிறு பள்ளிதான் பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. அடுத்து, 1928இல் சிங்கப்பூரில் கிளை அமைத்த இராமகிருஷ்ண மிஷன், சிராங்கூன் சாலையை ஒட்டிய நோரிஸ் சாலையில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது.

இவை சமயத் தொண்டர்கள் செய்தவை. சாதாரண மக்கள் தாமே எழுப்பிய பள்ளியும் ஒன்று உண்டு. ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946இல், கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள், தங்கள் சங்கத்தின் வாயிலாக உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். பஞ்சமும் அச்சமும் நிறைந்த மூன்றரை ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள், முதல் வேலையாகப் பிள்ளைகளின் படிப்பை நினைத்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடவே மாணவர் தொகை குறைந்து, 1982இல் மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. தேக்காவுக்கு அருகில் பீட்டி லேனில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதைத் தாங்கி நிற்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள்.

இனி ஒரு வெள்ளியின் கதைக்கு வருவோம். 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா, தமிழுக்கா என்ற விவாதம் கிளம்பிற்று. 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, தமிழே முதன்மை பெற வேண்டும் என்று வாதாடினார். வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். கடைச் சிப்பந்தியும் கூலித் தொழிலாளியும் கொடுத்தார்கள். 1956இல் துறை அமைந்தது; 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது.

கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கவே மாட்டார்கள். அந்த நூல்களைப் புரட்டியிருக்கவும் மாட்டார்கள். அப்படியானால் அவர்கள் பெற்றது என்ன? 'அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கும் பங்குண்டு' என்னும் உரிமை உணர்வைப் பெற்றார்கள். வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு இந்த உணர்வு வருவதில்லை; கொடுத்தவனுக்கே வரும். தொண்டு தரும் முதல் பயன் இதுவே.

காலம் மாறிற்று. 1980களின் இறுதியில் சிங்கப்பூர் இந்திய மாணவர்கள், சிறப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருப்பது கவலையைத் தந்தது. அதை ஆராய 1989இல் ஒரு நடவடிக்கைக் குழு அமைந்தது. அதன் பயனாக 1991இல் சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே துணைப்பாட வகுப்புகள் தொடங்கின. அந்தச் சங்கமும் பீட்டி சாலையில்தான் இருக்கிறது. அதன் நிதிக்கு ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை செல்கிறது. மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் செலுத்துவது எவ்வளவு தெரியுமா? அதே ஒரு வெள்ளிதான்!

ஆனால் பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிட வெள்ளி மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அங்கேதான் தொண்டூழியர்கள் வருகிறார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளின் வீட்டுக்கே சென்று வாசிக்கக் கற்பிப்போரும் அவர்களில் உண்டு. அப்படிப் போகும் இளைஞர் ஒருவர், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சோம்பேறி அல்ல, வீட்டில் எழுத ஒரு மேசைகூட இல்லாத பிள்ளை என்பதைக் கண்ணால் காண்கிறார். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவாக அவருக்குக் கற்பிக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 1997இல் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு மணி நேரமேனும் சமூகத் தொண்டு ஆற்ற வேண்டும் என்று திட்டம் வகுத்தது. நல்ல திட்டம்தான். ஆயினும் மணிக்கணக்கு வந்துவிட்டால், தொண்டு கடமைக்குச் செய்யும் காரியமாகிவிடும் ஆபத்தும் உடன் வரும். 2012இல் அத்திட்டத்தின் இடத்தில் வந்த புதிய திட்டம், செயலில் விளங்கும் நற்பண்புக்கு முதன்மை தந்தது. நற்சான்றிதழுக்காக ஒரு மணி நேரம் கொடுப்பவன் மணியைப் பார்ப்பான். பிள்ளைக்காகக் கொடுப்பவன் பிள்ளையைப் பார்ப்பான்.

சரி, அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். அவருடைய மகன் ஒருநாள் 52இலிருந்து 27ஐக் கழிக்கக் கற்றுக்கொடுத்தான். "பக்கத்து எண்ணிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?" என்று குழந்தை கேட்டது. அதுவரை ஒரு கழித்தலிலும் தவறியறியாத அவன், பதில் தெரியாமல் விழித்தான். மறுநாள் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினான். குழந்தைக்குப் புரிந்தது, அவனுக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது பழைய வழக்கம். 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தாம் பொறுப்பேற்ற அனாதைப் பள்ளியில் அம்முறையைக் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் அது பல நாடுகளுக்குப் பரவியது. கற்பிக்கும் மாணவனே நன்றாகக் கற்கிறான் என்பதை உலகம் நம் திண்ணையிலிருந்தும் தெரிந்துகொண்டது.

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள் பெரியோர். அந்தத் தந்தையார் மீண்டும் வந்தால் இதைத்தான் சொல்வோம்: "உங்கள் மகனின் படிப்பு எங்கும் போய்விடவில்லை, ஐயா. அவன் கொடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒருவன் உங்கள் மகன்."