தாக்குப்பிடிக்கும் மூளை: மனச்சோர்வு ஆய்வில் குளுட்டமேட் ஏற்பிகள்

காசநோயாளிகளுக்குத் தரப்பட்ட சைக்ளோசெரின், மனச்சோர்வையும் தணிப்பதாக 1959-இல் ஜார்ஜ் கிரேன் எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மற்றொரு காசநோய் மருந்தான இப்ரோனியாசிட் அப்போது மனநல மருத்துவர்களிடம் பிரபலமாகியிருந்தது. அது மோனோஅமைன்கள் எனும் மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது என்ற விளக்கமும் கையில் இருந்தது. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் அந்தப் போக்கைக் கருதுகோளாக வகுத்தார். சைக்ளோசெரினுக்கு விளக்கம் சொல்ல ஆளில்லை. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியில் அது செயல்படுவது புலப்படப் பல ஆண்டுகள் ஆயின.

குளுட்டமேட்டுக்கே அன்று மரியாதை இல்லை. அதை மூளைப் புறணியில் செலுத்தினால் வலிப்பு வருவதை ஜப்பானியர் தகாஷி ஹயாஷி 1950-களில் காட்டினார். தண்டுவட நரம்பணுக்களை அது தூண்டுவதை கான்பெராவில் டேவிட் கர்டிஸ், ஜெஃப்ரி வாட்கின்ஸ் குழு கண்டது. ஆனால் சோதித்த நரம்பணுவையெல்லாம் தூண்டிய ஒரு பொருள் எப்படிச் செய்தி கடத்தும் என்ற ஐயம் அவர்களுக்கே இருந்தது.

1962-இல் தயாரான கீட்டமின் 1970-இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. அது என்எம்டிஏ ஏற்பியைத் தடுப்பதை டேவிட் லாட்ஜின் குழு 1983-இல் வெளியிட்டது. இந்த ஏற்பியை மனச்சோர்வுடன் இணைத்தது வேறொரு தடம். தப்பிக்க வழியில்லாத நெருக்கடி, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பிணைப்புகள் வலுப்படுவதைக் குலைக்கும். அந்த வலுப்படலுக்கு என்எம்டிஏ ஏற்பி வேண்டும். இவ்விரண்டையும் முடிச்சுப்போட்டு, ஏற்பியைத் தடுக்கும் பொருள்களை எலிகளில் சோதித்தவர்கள் ராமோன் ட்ருயாஸும் பில் ஸ்கோல்னிக்கும் (1990). பத்தாண்டு கழித்து யேல் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. கீட்டமின் 40 நிமிடங்களில் ஏற்றப்பட்டது. ஆய்வை முடித்தவர்கள் 7 பேர்தான். 2006-இல் கார்லோஸ் சராத்தேயின் குழு 110 நிமிடங்களுக்குள்ளேயே முன்னேற்றம் கண்டது. பழைய மாத்திரைகளுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த துறைக்கு இது பேரதிர்ச்சி.

கீட்டமின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆய்வுக் கிளை. நெருக்கடி ஹார்மோன் ஹிப்போகாம்பஸில் போய்த் தங்குவதை 1968-இல் காட்டிய புரூஸ் மெக்யூவன், 1992-இல் சக ஆய்வாளர்களுடன் எலிகளை 21 நாள், தினமும் 6 மணி நேரம் அசையவிடாமல் வைத்தார். ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. குளுட்டமேட்டின் செயலை அடக்கும் வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் கொடுத்தபோது சுருங்கவில்லை. ஆக, சேதத்தில் குளுட்டமேட்டுக்குப் பங்கு உண்டு.

ஆனால் ஒரே நெருக்கடியில் ஒரு விலங்கு துவள, இன்னொன்று தாக்குப்பிடிப்பது ஏன்? மெக்யூவனுடன் கார்லா நாஸ்கா 2015-இல் வெளியிட்ட ஆய்வின் கேள்வி அதுதான். ஒரு பாதி இருட்டும் ஒரு பாதி வெளிச்சமுமான பெட்டியில் சுண்டெலிகளை விட்டார்கள். மரபில் ஒன்றுபோலிருந்தும் சில வெளிச்சத்தில் உலாவின. சில இருட்டுப் பக்கமே ஒடுங்கின. நாள்பட்ட நெருக்கடிக்குப் பின் ஒடுங்கியவற்றின் ஹிப்போகாம்பஸில் எம்குளு2 ஏற்பி குறைந்திருந்தது. குளுட்டமேட் மிதமிஞ்சிச் சுரக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் இந்த ஏற்பி. என்எம்டிஏ கதையில் காணாமல் போன, ஒவ்வோர் உயிருக்கும் உள்ள தனி வேறுபாடு இங்கேதான் ஆய்வுக்குள் வருகிறது.

அந்த ஏற்பியை மருந்தால் மீட்கலாம் என்பதற்கு 2013-இலேயே அடையாளம் கிடைத்திருந்தது. மனச்சோர்வின் மாதிரியாக வளர்க்கப்படும் ஃப்ளிண்டர்ஸ் எலிகளுக்கு, உடலில் இயல்பாகவே உள்ள அசிட்டைல்-எல்-கார்னிட்டைன் கொடுத்ததும், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் ஒட்டுகள் கூடின. எம்குளு2 மரபணு வேகமெடுத்தது. பலன் தெரிய 3 நாள். பழைய மனச்சோர்வு மருந்தான குளோரிமிப்ரமினுக்கு 14 நாள்.

சிக்கல் ஒன்று உண்டு. இதே குடும்பத்து ஏற்பிகளைத் தடுக்கும் பொருள்களும் விலங்குகளில் மனச்சோர்வைத் தணிக்கின்றன என்று ஜப்பானில் ஷிகேயுகி சாகியின் குழு 2004-இல் காட்டியிருந்தது. ஏற்பியைக் கூட்டினாலும் பலன், தடுத்தாலும் பலன். ‘கூடினால் நல்லது’ என்ற எளிய வாய்பாடு இதைத் தாங்காது. மூளையின் எந்த இடத்தில், நெருக்கடியின் எந்தக் கட்டத்தில் என்று பிரித்தாக வேண்டும்.

எலியிலிருந்து மனிதருக்கு வந்த படி 2018-இல். மனச்சோர்வு நோயாளிகளின் ரத்தத்தில் அசிட்டைல்-எல்-கார்னிட்டைன் குறைவாக இருந்தது. மருந்துக்கு மசியாதவர்களிடமும், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடமும் இந்தத் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, விளைவா என்பதை ரத்த அளவை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது.